லயனலின் இளஞ்சிவப்பு ரயிலை விற்போருக்கு ஒரு திறந்த மடல்

பழைய பொம்மை ரயில்களை இணைய ஏலங்களில் விற்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட இளஞ்சிவப்பு ரயில் தொகுப்பு, சேகரிப்போர் 'லேடி லயனல்' என்று அழைப்பது, உங்கள் விளம்பரங்களில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. 'அசல்', 'அரியது' என்ற சொற்கள் அவற்றில் தாராளமாகப் புழங்குகின்றன. எந்த ஆண்டில், எந்தக் காலத் தயாரிப்பில் அந்த வண்டி வெளிவந்தது என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த வரியைக் கேட்டுத்தான் இம்மடலை எழுதுகிறேன்.

ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் நியூயார்க்கில் தொடங்கிய இந்நிறுவனம் 1906 முதல் மூன்று தண்டவாள முறையைக் கைக்கொண்டது. ஓரத் தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து, எஞ்சினின் அடியிலுள்ள சிறு உருளைகள் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அரசாணைப்படி 1942-இல் பொம்மை ரயில் உற்பத்தி நின்றது. 1945-இல் மீண்டும் தொடங்கியது. அப்போதிருந்து 1969 வரை வந்தவற்றைத்தான் சேகரிப்போர் போருக்குப் பிந்தைய காலத் தயாரிப்பு என்கிறார்கள். நீங்கள் விளம்பரத்தில் எழுதும் விலை நியாயமாவதும் ஆகாததும் இந்தக் காலப் பிரிவைப் பொறுத்தே இருக்கிறது.

இனி இளஞ்சிவப்பு ரயிலுக்கு வருவோம். 1587எஸ் என்ற எண்ணுள்ள இத்தொகுப்புக்காக லயனல் புதிதாக ஓர் எஞ்சினை வடிவமைக்கவில்லை. ஏற்கெனவே கறுப்பு நிறத்தில் விற்றுவந்த 2037 என்ற நீராவி எஞ்சினையே எடுத்து, வார்ப்புலோக உடலுக்கு இளஞ்சிவப்புப் பெயின்ட் அடித்து, 2037-500 என்று பட்டியலில் சேர்த்தார்கள். பின்னால் அதே நிறத்தில் டெண்டர், அதாவது எஞ்சினுக்கான நிலக்கரியும் நீரும் சுமக்கும் வண்டி. அதன் பின் இளஞ்சிவப்பில் ஒரு திறந்த சரக்குப் பெட்டி, வெளிர்நீலத்தில் நியூயார்க் சென்ட்ரல் என்ற ரயில் நிறுவனத்தின் பெயர் தாங்கிய மூடிய பெட்டி, மஞ்சளில் கேட்டி என்ற ரயில் நிறுவனத்தின் பெயர் தாங்கிய மூடிய பெட்டி, ஊதாச் சாயலில் ஒரு நிலக்கரிப் பெட்டி, கடைசியில் வான்நீலத்தில் கார்டு பெட்டி. பெட்டிகளும் பெரும்பாலும் வழக்கமான சரக்குப் பெட்டிகளின் வார்ப்புகளே. நிறம் மட்டுந்தான் புதிது. மிட்டாய்க் கடைக் கண்ணாடி ஜாடிகளை வரிசையாக அடுக்கியது போன்ற இந்த வண்ணங்கள் பெண் குழந்தைகளைக் கவரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. கணக்குப் பொய்த்தது. நிஜ ரயிலைப் போன்ற ரயிலை விரும்புவதில் பெண் குழந்தைகள் மட்டும் வேறுபட்டிருப்பார்கள் என்று நினைத்ததே வினோதம் என்பது என் எண்ணம். 1957, 1958 ஆகிய இரண்டு ஆண்டுப் பட்டியல்களோடு தொகுப்பு நின்றுபோனது.

அன்று கடைகளில் தேங்கிக் கிடந்ததால் இன்று கிடைப்பதற்கு அரிதாகிவிட்டது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. விற்காத எஞ்சின்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து மறுபடி விற்றார்கள் என்றொரு கதை நெடுநாளாக உலவுகிறது. கறுப்புப் பெயின்டைச் சுரண்டிக் காட்டி, அடியில் இளஞ்சிவப்புத் தெரிகிறது பாருங்கள் என்று விலையேற்ற அந்தக் கதையைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம்.

சிக்கல் தொடங்குவது அதற்குப் பிந்தைய வரலாற்றில்தான். 1969-இல் உற்பத்தி உரிமை ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்குப் போனது; தயாரிப்பு மிச்சிகன் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. 1986-இல் ரிச்சர்ட் கூன் என்ற தொழிலதிபர் லயனலை வாங்கினார். அவர் காலத்தில், 1991-இல், இதே இளஞ்சிவப்புத் தொகுப்பு மறுபதிப்பாக வெளிவந்தது. அது போலி அன்று; லயனலே முறையாக வெளியிட்டது, அதற்கென்று மதிப்பும் உண்டு. ஆனால் அது 1957-இன் ரயிலும் அன்று. 'அசல் லயனல்' என்று மட்டும் எழுதிவிட்டு ஆண்டை விட்டுவிட்டால், எழுதியதில் பொய் இருக்காது. வாங்குபவரோ முழுக்க ஏமாந்திருப்பார்.

மூன்றாவதாக ஒரு வகையும் சந்தையில் இருக்கிறது: சாதாரணக் கறுப்பு 2037 எஞ்சினுக்குப் பின்னாளில் யாரோ இளஞ்சிவப்புப் பூசியது. உடலும் மோட்டாரும் சக்கரங்களும் அந்தக் காலத்தவையே என்பதால், இதைப் பக்கவாட்டுப் படத்தில் கண்டுபிடிப்பது கடினம். எஞ்சினைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் உடலுக்குப் பூச்சு முடிந்த பின்பே பாகங்களைப் பூட்டுவார்கள். ஆகவே திருகாணித் தலைகளிலும் கைப்பிடிக் கம்பிகளிலும் இளஞ்சிவப்பு படிந்திருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. ஆணி வரிசை போன்ற நுண்ணிய வார்ப்பு வேலைப்பாடுகள் தடித்த பூச்சில் மழுங்கியிருந்தாலும் அப்படியே. மின்சாரம் எடுக்கும் உருளைகளில் ஆழமாகத் தேய்ந்த வரியும் சக்கர விளிம்பில் உரசிய பளபளப்பும் இருக்க, மேற்பூச்சில் மட்டும் ஒரு கீறலும் இல்லையென்றால், பல காலம் ஓடிய வண்டிக்கு அந்த மேனி எங்கிருந்து வந்தது என்று வாங்குபவர் கேட்கத்தான் செய்வார்.

எனவே விற்பனைக்கு வைக்கும்போது எஞ்சினின் அடிப்பகுதிப் படம் ஒன்றையும், ஒவ்வொரு பெட்டியின் எண் தெரியும் படத்தையும் சேருங்கள். 1957-இன் தயாரிப்பா, 1991-இன் மறுபதிப்பா, மறுபூச்சுப் பெற்றதா என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். அட்டைப் பெட்டி பிற்காலத்தில் அச்சிட்டதானால் அதையும் சொல்லிவிடுங்கள். காலியான அசல் அட்டைப் பெட்டிக்கே தனி விலை கொடுப்பவர்கள் நாங்கள். எது என்று உறுதியாகத் தெரியாதபோது 'தெரியவில்லை' என்று எழுதி, அதற்கேற்ற விலையை வையுங்கள். அப்படி எழுதியிருப்பவர்களிடமும் நாங்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
பழைய பொம்மை ரயில்களைச் சேர்க்கும் ஒருவன்