பெடல்போர்டு வயரிங்கில் குறைபாடு: திரும்பச் செய்து தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
கிட்டார் கலைஞர்,
ராயபுரம், சென்னை – 600013.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்,
பெடல்போர்டு வயரிங் பிரிவு.

பொருள்: பில்லில் எழுதியபடி செய்யப்படாத பெடல்போர்டு வயரிங்கைத் திரும்பச் செய்து தரவும், பவர் சப்ளையை மாற்றித் தரவும் கோருவது.

ஐயா / அம்மா,

கிட்டார் ஒலியை மாற்ற நான் காலால் மிதிக்கும் ஏழு பெடல்களையும், அவற்றை அடுக்கும் ஒரு அலுமினிய போர்டையும் உங்களிடம் கொடுத்து, வரிசையாக அடுக்கி வயரிங் செய்து தரச் சொன்னேன். பெடல்களுக்கெல்லாம் மின்சாரம் தரும் பவர் சப்ளைக்கு 11,800 ரூபாய், வேலைக்கும் கேபிளுக்கும் 6,500 ரூபாய் என்று பில் போட்டீர்கள். முழுப் பணமும் கட்டிவிட்டேன். திரும்பி வந்த போர்டு பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்) செருகினால் அடியில் ஒரு உறுமல், அதற்கு மேல் ஒரு கீச்சொலி, இரண்டும் ஓயாமல் கேட்கின்றன. ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலை மிதித்தால் அந்தக் கீச்சொலி பாட்டையே மூடிவிடுகிறது.

போனில் பலமுறை சொல்லிப் பார்த்தேன். கடைசியாக உங்கள் ஆள் சொன்ன பதில் இது: "வட சென்னைப் பக்கம் எர்த் சரியா இருக்காது சார், எங்க வயரிங்ல ஒண்ணும் இல்லை." இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் எர்த். நான் ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாக்களில் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் தெருமேடை ஏறி வாசிப்பவன். ஜெனரேட்டர் கரண்டில், எர்த்தே இல்லாத மேடையில் கிட்டார் எப்படி இரையும் என்று எனக்கும் எங்கள் மைக்செட் அண்ணனுக்கும் நன்றாகத் தெரியும். கம்பியில் கை வைத்தால் அந்தச் சத்தம் மாறும், மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்று இழுக்கும். உங்கள் போர்டில் வரும் சத்தம் அப்படிப்பட்டது இல்லை. கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டாலும் அப்படியே நிற்கிறது. 'சிங்கிள் காயில் பிக்அப் என்றால் இரையத்தான் செய்யும்' என்று இன்னொருவர் சொன்னாரே, கிட்டாரின் கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்அப்பைப் பற்றிய அந்தப் பேச்சுக்கும் இதுவே பதில். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போது பிக்அப்பின் இரைச்சல் வெளியே வர வழியில்லை.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். சத்தம் கேட்ட அதே மண்டபம், அதே பிளக் பாயின்ட், அதே ஆம்ப். போர்டிலிருந்து ஓவர்டிரைவையும் வா (wah) பெடலையும் கழற்றி பேட்டரி போட்டேன். எதிரொலி தரும் டிலேயை அதனுடன் வந்த அடாப்டரில் தனியாக ஓட்டினேன். சத்தம் சுத்தமாக இல்லை. ஆம்ப் அப்போதும் அதே எர்த்தில்தான் இருந்தது. எர்த் கெட்டிருந்தால் பெடலுக்கு பேட்டரி போட்டதும் அது எப்படிச் சரியாகும்? அண்ணா நகரில் நண்பர் வீட்டுக்கும் போர்டை எடுத்துப் போனேன். அங்கேயும் இதே உறுமல், இதே கீச்சொலி. எங்கள் பகுதியைக் குறை சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிட முடியாது.

உண்மையான காரணம் பவர் சப்ளையில் இருக்கிறது. பில்லில் 'எட்டு அவுட், அனைத்தும் ஐசொலேட்டட்', அதாவது எட்டு வெளியீடுகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாப் பெடல்களையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, ஒரு அவுட்டின் நெகட்டிவையும் அடுத்த அவுட்டின் நெகட்டிவையும் தொட்டேன். பீப் அடித்தது. எந்த இரண்டைத் தொட்டாலும் அடிக்கிறது. உண்மையில் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட சப்ளை என்றால் அவற்றுக்கு நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. நீங்கள் கொடுத்திருப்பது ஒரே கிரவுண்டில் (பொது நெகட்டிவ் இணைப்பில்) எட்டு வயர் இழுத்த பெட்டி. ஒரே அடாப்டரைப் பல பெடல்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மலிவான டெய்சி செயின் வயர் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்பதை உங்கள் சேவைப் பிரிவில் போன் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். பெடல்கள் எல்லாம் அவற்றை இணைக்கும் பேட்ச் கேபிளின் ஷீல்டு (வெளிக் கம்பி உறை) வழியாக ஏற்கெனவே கிரவுண்டில் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. பவர் வயர் வழியாகவும் அதே கிரவுண்டு இணைந்தால் இரண்டு பாதைகள் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். டிலேயும், பெரிய கூடத்தின் முழக்கம் தரும் ரிவெர்ப்பும் டிஜிட்டல் பெடல்கள். அவற்றுக்குள் ஓடும் கிளாக் துடிப்பின் இரைச்சல் அந்தப் பொது கிரவுண்டில் ஏறி ஓவர்டிரைவுக்குள் போகிறது, அங்கே பல மடங்கு பெருகி வெளியே வருகிறது. நான் கேட்கும் கீச்சொலி இதுதான். டிலேயின் பவர் வயரைப் பிடுங்கினால் பாதி அடங்குகிறது, ரிவெர்ப்பையும் பிடுங்கினால் முழுக்க நின்றுவிடுகிறது. இதைத் தவிர்க்கத்தான் ஐசொலேட்டட் சப்ளை கேட்டேன், அதற்கான விலையும் கொடுத்தேன்.

ரிவெர்ப்பின் கதை தனி. அது 300 மில்லி ஆம்பியர் கேட்கும் பெடல். அதன் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. நீங்கள் அதைச் செருகியிருப்பது 100 மில்லி ஆம்பியர் என்று எழுதிய அவுட்டில். ஓவர்டிரைவ் மாதிரி அனலாக் பெடலுக்கு இருபதுகூட ஆகாது, அதற்கு அந்த அவுட் தாராளம். 300 கேட்பதை அதில் மாட்டினால் வோல்டேஜ் இறங்கி, நடுப்பாட்டில் அணைந்து, மறுபடி முதலிலிருந்து உயிர் பெறுகிறது. மேடையில் மெலடி வாசித்துக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் பாடுபவர் திரும்பிப் பார்க்கிறார், கூட்டமும் பார்க்கிறது. ஒன்பது வோல்ட், நடுமுனை நெகட்டிவ் என்பதை மட்டும் பார்த்து, கரண்ட் அளவைப் பார்க்காமல் வயர் இழுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அடியில் கேட்கும் உறுமலுக்கு வேறு காரணம். சப்ளைப் பெட்டியை போர்டின் அடியில் மாட்டி, அதற்கு நேர் மேலே வா பெடலை ஒட்டியிருக்கிறீர்கள். சப்ளைக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. வா பெடலுக்குள் ஒரு இன்டக்டர், அதாவது ஒரு காயில், இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கிளம்பும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அந்தக் காயில் அப்படியே பிடித்துக்கொள்கிறது. வாவை வெல்க்ரோவிலிருந்து பிய்த்துக் கையில் எடுத்து ஓரடி நகர்த்தினாலே உறுமல் குறைகிறது. திரும்பக் கொண்டுவந்தால் கூடுகிறது. உங்கள் பட்டறையில் ஆம்பை ஆன் செய்து வாவை ஒரு தடவை மிதித்துப் பார்த்திருந்தால்கூட இது தெரிந்திருக்கும். அப்படி யாரும் சோதித்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வரிசையையும் மாற்றிவிட்டீர்கள். எனக்கு இதில்தான் மிகவும் வருத்தம். கிட்டாரிலிருந்து நேராக ஃபஸ் (பழைய பாணிக் கரகரப்பு தரும் பெடல்), பிறகு வா, அதற்குப் பிறகு ட்யூனர், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவெர்ப் என்று தாளில் படம் வரைந்து கொடுத்தேன். ட்யூனரில் பஃபர், அதாவது சிக்னலைத் தாங்கி அனுப்பும் சுற்று, இருப்பதால் அது ஃபஸ்ஸுக்கு முன்னால் வரவே கூடாது என்று அம்புக்குறி போட்டும் எழுதியிருந்தேன். வந்த போர்டில் ட்யூனர்தான் முதலில். கேட்டால் "ட்யூனர் எப்பவுமே முதல்லதான் சார்" என்கிறார்கள். பெரும்பாலான போர்டுகளுக்கு அது சரி. என்னுடையது 1960-களின் வடிவத்தில் செய்த ஜெர்மேனியம் ஃபஸ். அதன் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளீட்டு மின்தடை) மிகவும் குறைவு, பிக்அப்போடு நேராகச் சேர்ந்தால்தான் அது ஒழுங்காகப் பேசும். கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் கரகரப்பு வடிந்து மணி போலத் தெளியும். அதற்காகவே இந்தப் பெடலை வைத்திருக்கிறேன். நடுவில் பஃபர் வந்ததும் அந்தத் தெளிவு போய், எந்நேரமும் காதைக் குத்துகிறது. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததை மாற்றுவதானால் ஒரு போன் செய்து கேட்டிருக்க வேண்டாமா?

அதே ஃபஸ் பாசிட்டிவ் கிரவுண்டு; அதாவது மற்றப் பெடல்களுக்கு நெகட்டிவ் கிரவுண்டு என்றால் இதற்குப் பாசிட்டிவ். பேட்டரியில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்றும் படத்தில் எழுதியிருந்தேன். நீங்களோ முனை மாற்றிய ஒரு சிவப்பு வயரை அதன் பக்கத்தில் கட்டிவைத்து, 'பேட்டரி தீர்ந்தால் இதைச் செருகலாம்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறீர்கள். பொது கிரவுண்டில் ஓடும் இந்தச் சப்ளையில் அதைச் செருகினால் பாசிட்டிவும் நெகட்டிவும் பேட்ச் கேபிள் வழியாக நேராக ஷார்ட் ஆகும். இதை நான் ஒருநாளும் செருகவில்லை, செருகவும் மாட்டேன். ஆனால் சீட்டை நம்பி மேடையில் அவசரத்தில் செருகுபவரின் சப்ளை என்ன ஆகும்? இன்னும் யாருக்காவது இப்படிச் செய்து கொடுத்திருந்தால் தயவுசெய்து இன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். என் வேலையைவிட இது அவசரம்.

அப்புறம், பேட்டரியில் ஓட வேண்டிய பெடலின் அடித்தட்டு ஸ்க்ரூவின் மேலேயே வெல்க்ரோவை ஒட்டிவிட்டார்கள். பேட்டரி மாற்ற ஒவ்வொரு தடவையும் அதைக் கிழிக்க வேண்டியிருக்கிறது.

கேபிளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈயம் வைத்து சோல்டர் செய்த பேட்ச் கேபிள் என்று பேசித்தான் விலை முடித்தோம். வந்திருப்பது ஸ்க்ரூ வைத்து இறுக்கும் சோல்டர் இல்லாத வகை. எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். உப்புக் காற்றில் திறந்திருக்கும் செம்பு சீக்கிரம் கறுத்து, பச்சை பூத்துவிடும். அதனால்தான் சோல்டர் வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். கோரஸை மிதிக்கும்போது இப்போதே ஒரு முனை கரகரவென்கிறது. பவர் வயரையும் ஆடியோ கேபிளையும் போர்டின் நீளத்துக்கு ஒரே கட்டாகச் சேர்த்து டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். இரண்டையும் தள்ளி ஓட்ட வேண்டும், குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி.

இந்தப் போர்டில்தான் நான் பிழைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். முதல் வாசகம் முடிந்து பதிலுரைப் பாடலுக்கு முன்னால் வரும் அமைதியில் இந்த உறுமல் கடைசி பெஞ்சு வரை கேட்கிறது. ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. போர்டையே விட்டுவிட்டு ஆம்பில் நேராகச் செருகி வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளுக்கு நண்பரிடம் பெடல் இரவல் வாங்கிப் போகிறேன். எங்கள் பக்கத்தில் கிட்டார் புதிதாக வந்த பொருள் இல்லை. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தொடங்கி இன்றைய கானா மேடைகள் வரை இங்கே வாசிப்பவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் காது உண்டு. 'வட சென்னைப் பக்கம்' என்று சொல்லி எங்களை அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

தொழிலுக்குப் பயன்படுத்துவதால் வாரன்ட்டி இல்லை, நுகர்வோர் என்றும் சொல்ல முடியாது என்றும் ஒரு மின்னஞ்சலில் எழுதியிருந்தீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7)-இன் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் 'வணிக நோக்கம்' ஆகாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. நான் குடியிருக்கும் இடத்திலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது.

நான் கேட்பது இவைதான். அவுட்டுகள் உண்மையிலேயே தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட, ரிவெர்ப்புக்கு 300 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் தரும் சப்ளையாக மாற்றித் தாருங்கள். நான் கொடுத்த படத்தில் உள்ள வரிசைப்படி, சோல்டர் செய்த கேபிளில், வாவைச் சப்ளையிலிருந்து தள்ளி வைத்து, கட்டணமில்லாமல் மறுபடி வயரிங் செய்யுங்கள். முடித்ததும் என் முன்னால் ஆம்பில் செருகி, மேடைச் சத்தத்தில் எல்லாப் பெடல்களையும் மிதித்துக் காட்டிய பிறகே நான் கையெழுத்துப் போடுவேன். இதைச் செய்ய முடியாது என்றால் 18,300 ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டு உங்கள் சப்ளையையும் கேபிளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். போர்டை எடுத்துப் போக ஆள் அனுப்புவதானால் திங்கள் முதல் வியாழன் வரை அனுப்புங்கள், வெள்ளி முதல் ஞாயிறு வரை எனக்குக் கச்சேரி இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ராயபுரம்.

இணைப்பு: பில் நகல், நான் கொடுத்த வயரிங் படத்தின் நகல், மல்டிமீட்டர் சோதனையின் வீடியோ, பேட்டரியிலும் உங்கள் சப்ளையிலும் ஓடியபோது எடுத்த ஒலிப்பதிவுகள்.