டப்பாவுக்கு முன் மத்தி மீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் கடலூர் சில்வர் பீச்சிலும் அண்ணா விளையாட்டரங்கிலும் விடிகாலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். ஓட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு ஷேக்கர், அதில் கலக்கிய புரதப் பவுடர். ஆனால் அன்றாடச் சாப்பாடோ காலையில் நாலு இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு பரோட்டா. புரதம் குறைந்த இதைச் சரிசெய்யாமல் பவுடர் டப்பா வாங்குவது கூரை ஒழுகும்போது சுவருக்கு வெள்ளையடிப்பது போல.

2018-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில், 49 ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரை வந்தது. எடைப்பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும். அதற்கு மேல் போனால் சராசரியாகத் தசை கூடவில்லை என்றது அது. 60 கிலோ இளைஞருக்கு 96 கிராம். மூன்று முட்டையில் 18, சுத்தம் செய்த மத்தி 150 கிராமில் 30, மீல் மேக்கர் 50 கிராமில் 25, கொண்டைக்கடலை 50 கிராமில் 10, பால் 400 மில்லியில் 13. கூட்டினால் 96 வந்துவிடும். சோறு, இட்லி, பருப்பில் கிடைப்பது தனி. மீல் மேக்கரையும் கடலையையும் ஊறவைக்கும் முன் எடை போட வேண்டும். ஊறியபின் நிறுத்தால் பாதியளவு புரதம்கூட வயிற்றுக்குப் போயிருக்காது; கணக்கு மட்டும் சரியாகத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முதுநகரில் மீன் விலை ஏறும்போது மத்தியின் இடத்தில் ஐந்து முட்டை வைக்கலாம்.

பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடிக்காவிட்டால் புரதம் வீண் என்று ஜிம்முக்கு ஜிம் சொல்கிறார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வேளையில் 100 கிராம் புரதம் குடித்தவர்களின் உடல் 12 மணி நேரம் கழிந்தும் அதைத் தசைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. நாள் முழுக்கச் சேரும் மொத்தம்தான் முக்கியம். பவுடர் விஷமல்ல, சமைக்க வழியில்லாத விடுதி மாணவருக்கு ஒரு கரண்டி உதவும். ஆனால் 'மாஸ் கெய்னர்' என்ற உடல் எடை கூட்டும் பவுடர் டப்பாவின் பின்புறத்தைத் திருப்பிப் படியுங்கள்: பெரும்பகுதி மாவுச்சத்துதான். அந்த விலைக்கு வேர்க்கடலையும் வாழைப்பழமும் வாங்கிவிடலாம்.

சாப்பாட்டைவிடப் பெரிய ஓட்டை பயிற்சியில் இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் நெஞ்சும் கையும், கால் எப்போதாவது. ஒவ்வொரு தசைத் தொகுதிக்கும் வாரம் 10 செட் (இடைவிடாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று ஒரு செட்) அளவில் வைத்து, அதை இரண்டு நாளாகப் பிரித்தால் போதும். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது) போன்றவற்றில் செட்டுக்குச் செட் 30 விநாடி இடைவெளி விட்டால் மூச்சு வாங்கும். அடுத்த செட்டில் தூக்கும் எண்ணிக்கை சரியும். வேர்த்துக் கொட்டுவதால் நல்ல பயிற்சி போலத் தோன்றும், அவ்வளவுதான். 2016-ல் வந்த ஓர் ஆய்வில், எட்டு வாரத்தில் 1 நிமிடம் ஓய்ந்தவர்களைவிட 3 நிமிடம் ஓய்ந்தவர்களுக்கே வலு அதிகம் கூடியது. ஒரு நோட்டில் எடையையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். செட்டுக்கு எட்டு முறை தூக்குவதாக மூன்று செட் தொடங்கி, மூன்றிலும் பத்து வந்த பிறகே 2.5 கிலோ ஏற்றுங்கள். இன்னும் ஒன்றிரண்டு தூக்க முடியும் என்ற நிலையில் செட்டை நிறுத்தலாம். முதுகு வளையத் தொடங்கினால் அதற்கு முன்பே.

கூடுதலாக வாங்கும் பொருள்களில் உருப்படியான சான்று உள்ளவை மிகச் சில. அவற்றில் ஒன்று கிரியேட்டின் மோனோஹைட்ரேட், தசைக்கு ஆற்றல் தர உதவும் பொடி. தினம் 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி. சைவ உணவுக்காரர்களுக்குப் பலன் சற்றுக் கூடுதலாகவே தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்களுக்கும் இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க உதவும் 'கிரியேட்டினின்' அளவு சற்று ஏறிக் காட்டலாம் என்பதால், சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தசைக்குள் நீர் சேர்வதால் தொடக்கத்தில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். ஆகவே தேர்வுக்கு முந்தைய வாரம் இதைத் தொடங்க வேண்டாம். காவலர் தேர்வில் கயிறு ஏறும்போது அந்த நீரையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓர் எடைப்பயிற்சியாளர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.