முதல் மட்டை வாங்கப் போகும் நண்பனுக்கு

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். பெரியவளுக்கு மதுரையில் கல்லூரி இடம் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்த பிறகே வாசலில் தலைகாட்டிய நீ, இப்போது தேவகோட்டையில் விடியற்காலை ஐந்தரைக்கே இறகுப்பந்து ஆடப் போகிறாய் என்பதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

மூன்று மாதம் இரவல் மட்டையில் ஆடியாயிற்று, இனிச் சொந்தமாக வாங்குவதைச் சாம்பியன்கள் பிடிக்கும் மட்டையாகவே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். தொலைக்காட்சியில் ஸ்மாஷ் பார்த்த மயக்கத்தில், தலை கனத்த, தண்டு விறைத்த மட்டை ஒன்றை வாங்கி, நரம்பையும் 28 பவுண்டு இழுவைக்கு இறுக்கிக் கட்டச் சொன்னவன் நான். பின்கோட்டிலிருந்து ஓங்கி அடித்த பந்து எதிராளியின் நடுக்களத்தில் போய் அவருக்கு வசதியாக விழுந்தது. இரண்டே மாதத்தில் முழங்கை பிடித்துக்கொண்டு, காப்பித் தம்ளரைத் தூக்கவும் இடக்கை தேவைப்பட்டது. மட்டையில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தண்டை வளைக்கும் வேகம் என் கையில் இல்லை, அவ்வளவுதான். நம்மைப் போல் மெதுவாக வீசுகிறவர்களுக்குச் சற்றே வளைந்துகொடுத்து மீளும் தண்டுதான் பந்தைப் பின்கோடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். போதாக்குறைக்கு, நாம் இருவரும் பள்ளி மைதானத்தில் பூப்பந்து ஆடி, கம்பளிப் பந்தை முழுக்கையால் தள்ளிப் பழகியவர்கள். இறகுப்பந்தில் முன்கையைச் சுழற்றி அடிக்க வேண்டும் என்பது தோளுக்குப் புரியவே நாளாகும்.

எடையைக் கைப்பிடிக்கு மேலுள்ள கூம்பில் அச்சிட்டிருப்பார்கள். 3யு என்றால் 85 முதல் 89 கிராம், 4யு என்றால் 80 முதல் 84 கிராம். நீ 4யு வாங்கு. பக்கத்தில் இருக்கும் ஜி எண் கூடக்கூடப் பிடி மெலியும் என்பதால் ஜி5 எடுத்து, அதன் மேல் ஒரு கிரிப் நாடா சுற்றிக்கொள். மெல்லிய பிடியைப் பருமனாக்கலாம், பருமனானதை இளைக்க வைக்க முடியாது. சட்டமும் தண்டும் முழுக்க கிராஃபைட்டாக இருக்கட்டும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்லது கிடைக்கிறது.

தலை கனமா இல்லையா என்பதை அறியக் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. தண்டை ஆள்காட்டி விரலின் மேல் கிடத்தி, மட்டை எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கைப்பிடியின் அடிவரை அளந்து பார். ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் வந்தால் சமநிலை. அதைத் தாண்டிப் போகப் போகத் தலை கனம். ஐயா மலாயாவிலிருந்து கொண்டுவந்த மர மட்டை ஒன்று, ஈரத்தில் கோணிவிடாதபடி நான்கு மூலையிலும் திருகு வைத்த சட்டத்துக்குள் இறுக்கப்பட்டு, இன்னும் எங்கள் மேல்மாடிப் பெட்டியில் இருக்கிறது. அதை ஒரு முறை வீசிப் பார்த்தால், இன்றைய மட்டைகளில் ஐந்து கிராம் வித்தியாசத்துக்கு நாம் அடித்துக்கொள்வது வேடிக்கையாகத் தோன்றும்.

மட்டையைவிட நரம்புக்கே நீ அதிகம் யோசிக்க வேண்டும் என்பேன். கடைகளில் அதைக் கட்டிங் (gutting) என்பார்கள். மட்டையோடு வரும் நரம்பு பெரும்பாலும் தொளதொளவென்றிருக்கும். அதை அறுத்துவிட்டு, 0.70 மில்லிமீட்டர் கனமுள்ள, எளிதில் அறாத நரம்பை 22 பவுண்டுக்குப் போடச் சொல். இழுவை கூடினால் பந்து நன்றாகப் படும் இடம் சுருங்கிவிடும். குறைவாக இருந்தால் நரம்பே பந்தை உந்தித் தள்ளும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டையைப் போட்டு வைக்காதே, நரம்பு தளர்ந்துவிடும். நைலான் பந்து வாங்கினால் பச்சைப் பட்டை போட்டதாகப் பார்த்து வாங்கு. நம் ஊர்ச் சூட்டில் பந்து கூடுதல் தூரம் பறக்கும் என்பதால் மெதுவாகப் போகும் அந்த வகையே நமக்குச் சரி. நரம்பு, பந்து, ஷூ என்று கணக்குப் போட்டால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்தான். கையில் உள்ளதையெல்லாம் மட்டையிலேயே கொட்டிவிடாதே.

அடுத்த ஞாயிறு இங்கே வா. இப்போது நான் ஆடும் 4யு மட்டையில் ஒரு ஆட்டம் ஆடிப் பார். அந்த 28 பவுண்டு மட்டையும் ஆணியில் தொங்குகிறது. அதிலும் நான்கு பந்து அடித்துவிட்டு, பிறகு இருவருமாகக் கடைக்குப் போகலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்