கல் கொட்டும் முன் கரைவாழ் மக்களிடம் பேசுங்கள்: கடலோரத் திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடலோரத் திட்ட அலுவலர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

கடலரிப்பில் ஒரு வீடு சரிந்த பிறகு லாரிகளில் கருங்கல் வந்து இறங்குவது பல நாட்டுக் கரைகளில் வழக்கமாகிவிட்டது. அந்த அவசரத்துக்குப் பின்னால் இருக்கும் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும், கரை பின்வாங்கும் ஊர்களுக்குக் கல்லைவிட அதிகம் தேவைப்படுவது, வீடு விழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சொல்லப்படும் உண்மையும், அப்போதே ஒதுக்கப்படும் பணமும், முடிவெடுப்பதில் அம்மக்களுக்குத் தரப்படும் பங்கும்தான் என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலைக் கரையோடு கரையாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஓர் ஊரின் கடற்கரை நிலைத்திருப்பது பெரும்பாலும் பக்கத்து ஊரைக் கடந்து வரும் மணலால்தான். ஆற்றின் குறுக்கே அணை கட்டினாலும், ஆற்றுப்படுகையில் மணல் அள்ளினாலும், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீளமான அலைத்தடுப்புச் சுவர் எழுப்பினாலும் அந்த வரத்து குறைந்துவிடுகிறது. சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே ராயபுரம் பகுதியில் கரை அரிக்கப்பட்டது. புதுச்சேரியிலும் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டதை அடுத்து நகரின் மணற்கரை மறைந்துபோனது. இவற்றுக்கெல்லாம் பருவநிலை மாற்றத்தை மட்டும் காரணம் காட்டிவிட முடியாது. கடல்மட்ட உயர்வு இவற்றின்மேல் ஏறும் கூடுதல் சுமை. 1901 முதல் 2018 வரை உலகச் சராசரியில் கடல்மட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, உயரும் வேகமும் கூடிக்கொண்டே வருகிறது.

இந்நிலையில் எழுப்பப்படும் கடற்சுவர் என்ன செய்கிறது என்பதை அதன் அடிவாரத்தில் நின்று பார்த்தால் தெரியும். சுவரில் மோதித் திரும்பும் அலை காலடி மணலைப் பறித்துச் செல்கிறது. அடிமணல் போனதும் கற்கள் புதைகின்றன. அடுத்த பருவத்தில் அவற்றின்மேல் இன்னும் கல் கொட்ட வேண்டியிருக்கிறது. வீடு தப்பினாலும் படகை இழுத்து ஏற்ற மணல் இருப்பதில்லை, வலையை விரித்துப் பழுதுபார்க்க இடம் இருப்பதில்லை. மீன்பிடித்து வாழும் குடும்பத்துக்கு இது பாதிப் பாதுகாப்பு என்று சொல்வதற்குக்கூட எனக்கு மனம் வரவில்லை. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டப்படும் கல் தடுப்பான தூண்டில் வளைவும் இப்படித்தான்: மணல் வரும் பக்கத்தில் நிற்கும் ஊர் மூச்சு விடுகிறது, மறுபக்கத்து ஊர் அடுத்த மனுவை எழுதத் தொடங்குகிறது. இறங்குதுறைக்கோ மருத்துவமனைக்கோ சுவர் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் மணல் நகரும் கரை நீளம் முழுவதையும் ஒன்றாகக் கணக்கிடாமல், ஊருக்கு ஒன்றாக இவற்றுக்கு ஒப்புதல் அளிப்பதை நிறுத்துங்கள்.

மணலைக் கொண்டே கரையைக் காக்கும் வழியும் உண்டு. நெதர்லாந்து 1990 முதல் தன் கரைக்கோட்டைத் தொடர்ந்து மணல் இட்டே நிலைநிறுத்தி வருகிறது. 2011இல் ஒரே இடத்தில் 2 கோடி கன மீட்டருக்கும் அதிகமான மணலைக் குவித்து, அலையும் காற்றும் அதைப் பரப்பிக்கொள்ளும்படி விட்டது. அதற்குச் செல்வமும், அள்ளுவதற்கு ஏற்ற கடலடி மணலும், ஆண்டு தவறாத பராமரிப்பும் வேண்டும். எல்லாக் கரைகளுக்கும் இவை வாய்ப்பதில்லை. அலையாத்திக் காடுகளும் மணற்குன்றுகளும் எஞ்சியுள்ள இடங்களில் அவற்றைக் கட்டடங்களுக்கு விட்டுக்கொடுக்காமல் இருப்பதே செலவு குறைந்த காப்பு.

எதனாலும் காக்க முடியாத கரைகளும் இருக்கின்றன. அங்கே இடம்பெயர்வதைப் பற்றிப் பேச வேண்டும். அந்தப் பேச்சைத் தள்ளிப்போடுவதால்தான் துயரம் பெருகுகிறது. இங்கிலாந்தின் நார்போக் மாவட்டத்தில் ஹேஸ்ப்ரோ என்னும் ஊரில், பாறை விளிம்புக்கு வந்துவிட்ட சில வீடுகளை 2009க்குப் பிந்தைய ஒரு முன்னோடித் திட்டத்தின்கீழ் உள்ளாட்சி மன்றமே விலைகொடுத்து வாங்கி இடித்தது. விழப்போகும் வீட்டுக்குச் சந்தையில் விலையே இல்லாதபோது, அந்தத் தொகையால் வேறிடத்தில் வாழ்வைத் தொடங்க முடிந்தது. பிஜியின் வுனிதொகொலோவா கிராமம் 2014இல் ஏறத்தாழ 2 கி.மீ. உள்நாட்டுக்கு இடம்மாறியது; ஊர் மக்களே கேட்டு, உழைப்பும் மரமும் தந்து சேர்ந்து செய்த இடமாற்றம் அது. மாறாக, அமெரிக்காவின் லூசியானாவில் ஜீன் சார்ல்ஸ் தீவு மக்களின் இடமாற்றத்துக்கு 2016இல் 4.8 கோடி டாலர் ஒதுக்கப்பட்டும், திட்டத்தின் கடிவாளம் யார் கையில் என்பதில் பழங்குடியினருக்கும் மாநில அரசுக்கும் இடையே பிணக்கு மூண்டது. பணம் வந்து சேர்ந்தும் நம்பிக்கை வரவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். அடுத்த 20, 50 ஆண்டுகளில் கரை எங்கே நிற்கக்கூடும் என்ற வரைபடத்தை, அதன் ஐயப்பாடுகளையும் மறைக்காமல், அந்தந்த ஊரின் மொழியில் ஊர்க்கூட்டத்தில் விரித்துக் காட்டுங்கள். கடல் எப்பருவத்தில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்துப் பழகியவர்கள் சொல்வதையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். வீடு விழுந்தபின் தரும் நிவாரணத்தோடு, விழுமுன்னே இடம்மாற விரும்புவோருக்கான நிதியையும் தனித்தலைப்பில் வையுங்கள். நிலப் பத்திரம் இல்லாதவர்களையும் வாடகைக்கு இருப்பவர்களையும் கணக்கெடுப்பிலிருந்து விட்டுவிடாதீர்கள். கரைக்கு மிக அருகில் இருப்பவர்கள் பல இடங்களில் அவர்களே. புதிய குடியிருப்பு எங்கே அமைந்தாலும், கடலுக்குச் செல்லும் பாதையும் படகு நிறுத்தும் இடமும் அவர்களுக்கு உரிமையாக எழுதித் தரப்பட வேண்டும். அவர்கள் விட்டுச்சென்ற நிலம் கடல்காட்சி விடுதிகளுக்குக் கைமாறாது என்ற உறுதியும் அதே ஆணையில் இடம்பெற வேண்டும்.

அடுத்த கடற்சுவருக்கான ஒப்பந்தப் புள்ளி கோரும் முன், இவற்றை ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேசும் நாளை அறிவியுங்கள்.

இப்படிக்கு,
கரைவாழ் மக்களின் நலனில் அக்கறை கொண்ட ஒரு குடிமகள்