இருமலுக்குப் பத்தியம்: எதை விலக்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கிறது. அத்துடன் சிறுவர்களுக்கு வாழைப்பழம், பால், முட்டை என ஒவ்வொன்றாக நிறுத்தும் வழக்கமும் தொடங்கிவிடுகிறது. பால் குடித்தபின் தொண்டையில் சற்றுத் தடிப்பாக உணரப்படலாமே தவிர, அது சளியைப் பெருக்குவதில்லை என்பதால், ஏற்கெனவே பசியிழந்த பிள்ளையிடமிருந்து ஊட்டமான உணவைப் பறிப்பது வீண் தண்டனையே. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த குடிநீர், இளஞ்சூடான கஞ்சி, இரசம் ஆகியவை தொண்டைக்கு இதமளிக்கும் (புளியும் உறைப்பும் மிகுந்த இரசம் சிலருக்கு எரிச்சலூட்டும்). நெஞ்செரிவு உள்ளவர்கள் இரவில் பொரித்த பண்டங்களைத் தவிர்ப்பது நல்லது.

படுக்குமுன் ஒரு தேக்கரண்டி தேன் இரவு இருமலைத் தணிக்கக்கூடும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் தேனைத் தொட்டு வைப்பதும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய நுண்கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். பாட்டிமார் அன்போடு செய்வது என்பதால் இதனை எவரும் தடுப்பதில்லை. தாய்சேய் கிளினிக்குகளில் இவ்வெச்சரிக்கையையும், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ச் சளிப் பரிசோதனை அவசியம் என்பதையும் பெரிய எழுத்துகளில் தமிழில் காட்சிப்படுத்துமாறு சுகாதாரப் பகுதியினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.