முந்திக்கொண்டு அடிக்கிறது

கொழும்பு 13,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மகன்,

டிவியில் போர்ச் செய்தியைப் பார்த்துவிட்டு நேற்று நீ கோல் எடுத்துக் கேட்டதற்கு அந்த நேரம் எனக்கு ஒழுங்காகப் பதில் வரவில்லை. "அவன் அடிக்கப்போகிறான் என்று தெரிந்தால் முந்திக்கொண்டு அடிக்கிறதில் என்ன பிழை அம்மா? கொச்சிக்கடையில் முந்தியிருந்தால் அத்தனை சனம் செத்திருக்குமா?" என்றாய். போனை வைத்த பிறகு நித்திரை வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

கொச்சிக்கடையை முதலில் சொல்கிறேன். 2019 உயிர்ப்பு ஞாயிறு அன்று அங்கே அந்தோனியார் கோவிலிலும் வேறு இடங்களிலும் குண்டு வெடித்ததே, அதற்குக் கிழமைக்கணக்கில் முன்பே தகவல் வந்திருந்தது. உரியவர்கள் அதைக் கவனிக்கவில்லை என்றுதான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவை 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. திட்டம் போட்டவனைப் பிடித்து நீதவானுக்கு முன்னால் நிறுத்தியிருந்தால், கோவில்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்கு யாருடைய ஊரிலும் குண்டு போடத் தேவையில்லை, ராசா. அந்தக் கோவிலைக் காட்டி நீ போருக்கு நியாயம் சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது.

1995 ஜனவரியில் காலிமுகத்திடலில் யோசப் வாஸ் சுவாமியாருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்த பாப்பரசரை நீ அப்பாவின் தோளில் இருந்து பார்த்தாய். அவர்தான், இரண்டாம் ஜோன் போல், 2003 ஜனவரி 13 அன்று வெளிநாட்டுத் தூதுவர்களுக்கு முன்னால் "போர் வேண்டாம்" என்று சொன்னார். போர் எப்போதும் மனிதகுலத்துக்குத் தோல்விதான் என்றார். ஈராக்கை அடிக்க அமெரிக்கா ஆயத்தமாகி நின்ற நேரம் அது. கர்தினால் எச்செகரேயை பக்தாத்துக்கும் கர்தினால் லாகியை வாஷிங்டனுக்கும் அனுப்பினார். லாகி அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷைச் சந்தித்தது மார்ச் 5, விபூதிப் புதன். இரண்டு கிழமையில் குண்டு விழத் தொடங்கிவிட்டது. எந்தப் பேரழிவு ஆயுதத்துக்குப் பயந்து முந்தினார்களோ அந்த ஆயுதம் அங்கே இருக்கவேயில்லை.

எல்லாக் கிறிஸ்தவர்களும் எதிர்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் தெற்கு பப்டிஸ்ட் தலைவர்கள் சிலர் அதை நீதியான போர் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஆனால் புஷ்ஷின் சொந்த மெதடிஸ்ட் சபையின் பிஷப்மாரே பலர் வேண்டாம் என்றார்கள். பின்பு பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர், முந்திக்கொண்டு அடிக்கிற போர் என்ற எண்ணமே திருச்சபையின் மறைக்கல்வி நூலில் இல்லை என்று 2002 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார். அந்த நூல் தற்காப்பைத் தடுக்கவில்லை. ஆனால் எதிரியால் வரும் கேடு நிலையானதாக, பாரதூரமானதாக, நிச்சயமானதாக இருக்க வேண்டும் என்கிறது. நிச்சயம் என்ற அந்தச் சொல்லைப் பார். 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ், தாக்கப்படுகிறவன் ஏதாவது குற்றம் செய்து அதற்கு உரியவனாக இருக்க வேண்டும் என்று எழுதினார். செய்யக்கூடும் என்பது குற்றம் ஆகுமா?

மாமாவை நினைத்துப் பார். 2007 ஜூன் 7. நீ ஓ.எல். சோதனை எழுத இருந்த வருசம். கண் ஒப்பரேசனுக்காக யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கொட்டாஞ்சேனை லொட்ஜில் நின்றவர். விடியமுன் பொலிஸ்காரர் கதவைத் தட்டி, உடுப்பு மாற்றவும் நேரம் கொடுக்காமல் பஸ்ஸில் ஏற்றினார்கள். அன்றைக்குக் கொழும்பு லொட்ஜுகளில் இருந்து அப்படி 300க்கும் மேற்பட்ட தமிழ்ச் சனத்தை வெளியேற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது, பிரதமரும் பிறகு வருத்தம் தெரிவித்தார். நான் லொட்ஜுக்குப் போனபோது, முதல்நாள் அவர் தோய்த்துப் போட்ட சேர்ட் கொடியில் காய்ந்து விறைத்துக் கிடந்தது. ஜன்னல் விளிம்பில் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து, மூடி திறந்தபடி. வவுனியாவில் இருந்து போன் எடுத்தவர் முதல் கேட்டது அந்த மருந்தைத்தான். அவர் செய்த குற்றம் என்ன? ஏதும் செய்யக்கூடிய ஆள் என்று யாரோ நினைத்ததுதான். நாங்கள் பஸ்ஸில் ஏற்றப்பட்ட சனம், மகன். இன்னொரு ஊர்ச் சனத்தை அதே கண்ணால் நாங்கள் எப்படிப் பார்க்கிறது?

வேதாகமத்தில் விடுதலைப் பயணம் முதலாம் அதிகாரத்தை எடுத்துப் படி. இந்த இஸ்ரயேல் சனம் பெருகினால் நாளைக்கு ஒரு போர் வந்தால் எதிரியோடு சேர்ந்துவிடும் என்று பயந்துதான் எகிப்து அரசன் பார்வோன் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னான். ஏரோது பெத்லகேமில் செய்ததும் அதுதான். இரண்டு பேரும் தங்களைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். பார்வோன் சொல்லியும் கொல்லாமல் விட்ட இரண்டு மருத்துவிச்சிகளின் பெயரை வேதாகமம் எழுதி வைத்திருக்கிறது, சிப்ரா, பூவா என்று. பார்வோனின் பெயரை எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போவேன். உனக்கும், நீ டிவியில் பார்க்கிற அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் மெழுகுதிரி கொளுத்துவேன். மாமாவுக்கு ஒரு கோல் எடு. என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடமும் கேள்.

அன்புடன்,
அம்மா