பின்வாசலுக்கும் ஒரு பங்கு

அன்புள்ள மெய்யப்பா,

பொங்கலுக்குள் கடிதம் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை. அதனால் என் மேல் குற்றம் இல்லை.

இங்கே எல்லாரும் சுகம். ஆச்சிக்கு முழங்கால் வலி, அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலி. பூட்டிக் கிடக்கிற உங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஓடு நழுவியிருந்தது. ஆள் விட்டு மாற்றிவிட்டேன், 1,400 ரூபாய். குறித்து வைத்துக்கொள், பெரிய கணக்கு பின்னால் வருகிறது.

விஷயம் நம் தெரு. என் முகப்பும் உன் பின்வாசலும் முறைத்துக்கொண்டு நிற்கிற அந்தத் தெருவுக்குப் பேவர் பிளாக் பதித்து, இரண்டு பக்கமும் மூடி போட்ட வடிகால் கட்டப் பேரூராட்சிக் கூட்டத்தில் தீர்மானப் பொருள் வைத்தார்கள். மதிப்பீடு 38 லட்சம். கூட்டத்துக்குப் போய் சுவரோரம் உட்கார்ந்தேன். வார்டு உறுப்பினர் யார் தெரியுமா? நம்மோடு படித்தவனை ஒண்ணேகால் என்று கூப்பிடுவோமே, அவன்தான்! வெள்ளைச் சட்டையில் பார்க்கும்போது பழைய ஞாபகம் வந்து, சிரிப்பை அடக்க இருமினேன். அவனும் என்னைப் பார்த்து இருமினான்.

சின்ன வயதில் என் வீட்டுத் திண்ணைக்கு ஏற எத்தனை படி? நாலு. மேல்படியில் உட்கார்ந்து காலை ஆட்டுவோம், தரை தொடாது. இப்போது ஒன்றரைப் படி இருக்கிறது. படி எங்கும் போகவில்லை, தெருதான் ஏறி வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பழைய சாலை மேலேயே புதுச் சாலை. போன ஐப்பசி மழையில் என்ன நடந்தது தெரியுமா? வளவு முற்றத்தில் விழுகிற தண்ணீர் வெளியே போக ஐயா காலத்தில் வைத்த தூம்பு வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. நடுவாசலில் கணுக்கால் அளவு. ஆத்தா படத்துக்குப் போட்ட பூ மிதந்து பட்டாலைப் பக்கம் போகிறது. நான் வாளியோடு நிற்கிறேன்.

ஆறு கிடையாது, காவிரி கிடையாது, செம்மண் காடு. அதில் ஊர் கட்டினவர்கள் கூரையில் விழுவது வளவுக்கு, வளவிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து வரத்துக்கால் வழியாக ஊருணிக்கு என்று வாட்டம் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் நம் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தூண், கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் எல்லாவற்றையும் படம் எடுக்கிறார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நாமும்தான் கேட்கவில்லை.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். ஒரு உறுப்பினர் எழுந்து, பழைய தளத்தைச் சுரண்டி எடுக்கிற செலவை வெட்டிவிட்டு அப்படியே மேலே பதித்தால் மிச்சமாகும் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. சுரண்டாமல் மேலே போடக் கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருக்கிறார். எழுந்து சொல்லிவிட்டேன். பேச அனுமதி இல்லை, உட்காருங்கள் என்றார் செயல் அலுவலர். உட்கார்ந்தேன். ஆனால் காதில் விழ வேண்டியவருக்கு விழுந்துவிட்டது, சுரண்டும் செலவு அப்படியே நிற்கிறது.

அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா பேசினார். சத்தமே இல்லாமல் கேட்டார். "அந்தத் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்குது. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வந்து திறக்கிறவங்களுக்கு 38 லட்சம். எங்க பக்கம் மழை பெய்தால் பிள்ளைங்க செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகுது. அதுக்கு எப்போ பொருள் வைப்பீங்க?" மன்றத்தில் ஒரு சத்தமில்லை. நம் வீடுகளில் சமைத்த, விளக்கின, ஓடு மாற்றின குடும்பங்கள் இருக்கிற பக்கம் அது, மெய்யப்பா. உன் வீட்டு ஓடு மாற்றினவரும் அங்கிருந்துதான் வந்தார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒண்ணேகால் அங்கேதான் ஒரு வழி சொன்னான். (இவனுக்கு மூளை இருக்கும் என்று நம் வாத்தியார்கூட எதிர்பார்க்கவில்லை.) நம் தெருவை நமக்கு நாமே திட்டத்தில் போடலாம். மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் கட்டினால் மீதி அரசு. பேரூராட்சியின் பொதுநிதியை அந்த அம்மாவின் பக்கத்துக்குத் திருப்பலாம். பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு. அதற்குள் தெருக்காரர்கள் சம்மதக் கடிதம் தர வேண்டும்.

கணக்குப் போட்டேன். பங்கு 12,66,667. தெருவில் 31 வீடு, வீட்டுக்கு 40,860. உடனே ஆரம்பித்தது சண்டை. நம் ஊரில் ஒரு வரிசைக்கு முகப்பு, எதிர்வரிசைக்குப் பின்கட்டுதானே? எதிர்வரிசைக்காரர்கள், எங்கள் முகப்பு அடுத்த தெருவில் இருக்கிறது, பின்வாசலுக்கு எதற்குப் பணம் என்கிறார்கள். முகப்புக்காரர்கள், உங்கள் இரண்டாங்கட்டுத் தண்ணீர் எங்கே வந்து விழுகிறது என்கிறார்கள். ஒருவர் பின்வாசலுக்கு அரைப்பங்கு என்றார். இன்னொருவர் பூட்டின வீட்டுக்குக் கால்பங்கு என்றார். விட்டால் பொங்கலுக்கு மட்டும் திறக்கிற வீட்டுக்குத் தேதி வாரியாகக் கேட்பார்கள்.

இப்போது நீ சிரிக்க ஒரு சேதி. வடிகால் மேல் ஆக்கிரமிப்பு இருந்தால் தயவுதாட்சண்யம் இல்லாமல் இடிக்க வேண்டும் என்று தெருக்கூட்டத்தில் முழங்கினேன். கைதட்டினார்கள். மறுநாள் சர்வேயர் டேப்பைப் பிடித்தார். அப்பச்சி 1970களில் ஸ்கூட்டர் ஏற்ற ஒரு சாய்தளம் போட்டாரே, அது முழுக்க வாய்க்கால் மேல் நிற்கிறது. இரண்டடி நாலங்குலம். சர்வேயர் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு, "நீங்கதானே நேத்து பேசினது?" என்றார். ஆச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். இடித்துவிட்டேன். அடியில் பழைய செம்புறாங்கல் வாய்க்கால் அப்படியே இருக்கிறது, ஒரு கல் அசையவில்லை.

இனி உன் பாடு. உங்கள் வீட்டுக்குப் பதினாலு பங்காளிகள். 40,860ஐப் பதினாலால் வகுத்தால் ஆளுக்கு மூவாயிரம்கூட வராது. பணம் பெரிதில்லை, பதினாலு கையெழுத்துதான் பெரிது என்று எனக்குத் தெரியும். மலேசியாவில் இருக்கிற உன் பெரியப்பச்சி மகன் போன முறை வெள்ளையடிப்பதற்கே ஒன்றரை வருஷம் யோசித்தார். அவரிடம் நீயே பேசு, நான் பேசினால் சாய்தளத்தைக் கேட்பார். அரைப்பங்கு, கால்பங்கு என்று ஆரம்பிக்காதே. முழுப்பங்குக்கே கடிதம் வாங்கி அனுப்பு. இந்த மாதக் கடைசியில் கூட்டம்.

ஓடு மாற்றின காசு 1,400ஐயும் சேர்த்தே அனுப்பிவிடு.

உன்,
சுப்பு